கல்லூரிக்குத் தயாரா? சிகாகோ, நியூயார்க் அரசுப் பள்ளிகள் எதை வைத்துச் சொல்கின்றன

தரவுக்காரன் (நியூஜெர்சி)

அண்ணன் குடும்பத்தோடு சிகாகோவுக்கு மாறுகிறார். மகன் இந்த வருடம் எட்டாவது முடிக்கிறான். தனியார் பள்ளிக் கட்டணம் கட்டுப்படியாகாது. தேர்வு வைத்து எடுக்கும் அரசுப் பள்ளிகளில் இடம் கிடைப்பது நிச்சயமில்லை. அதனால் வீட்டுப் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றி மாநிலம் வெளியிடும் அறிக்கை அட்டைகளை நான் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருக்கிறேன். தலை சுற்றுகிறது. ஒரு பள்ளியில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அதே பள்ளியில் கணக்கில் தேறியவர்கள் பத்துக்கும் கீழே. இரண்டும் ஒரே பிள்ளைகள்தானே?

என்னைக் கேட்டால் ஒரே தேர்வு, ஒரே கோடு, அதுதான் நேர்மை. ஏசிடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை நடத்தும் நிறுவனம் 2013 முதல் பல வருடம் வைத்திருந்த கோடு இது, 36-க்கு: ஆங்கிலம் 18, கணக்கு 22, வாசிப்பு 22, அறிவியல் 23. கோட்டைத் தொட்டவருக்குக் கல்லூரி முதல் வருடம் அந்தப் பாடத்தில் 'பி' அல்லது அதற்கு மேல் வாங்க 50 சதவீத வாய்ப்பு, 'சி' அல்லது அதற்கு மேல் வாங்க 75 சதவீத வாய்ப்பு என்று கணக்குப் போட்டு வைத்தது. 2023-இல் பள்ளி முடித்து ஏசிடி எழுதியவர்களில் நான்கு கோட்டையும் தாண்டியவர்கள் 21 சதவீதம். ஒன்றைக்கூடத் தாண்டாதவர்கள் 43 சதவீதம். நாடு முழுக்கவே இப்படி என்றால் நகரத்து ஏழைப் பள்ளிகள் எந்த லட்சணத்தில் இருக்கும்? உள்ளே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஏரிக்கரை (சிகாகோ)

தம்பி, நான் தெற்குப் பகுதியில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்.

முதலில் அந்தக் கோட்டைப் பற்றி. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலம் 2017-இல் ஏசிடியை விட்டு அதேபோன்ற இன்னொரு தேர்வான எஸ்ஏடிக்குப் போனது. 2025-இல் திரும்ப ஏசிடிக்கே வந்தது. வந்த கையோடு மாநிலக் கல்வி வாரியம் தேர்ச்சிக் கோட்டையும் இறக்கியது. பழைய கோடு நாட்டிலேயே ரொம்பக் கறாரான கோடுகளில் ஒன்று, கல்லூரியில் நன்றாகப் படிக்கிற பிள்ளையையே 'தேறாதவர்' என்கிறது என்பது வாரியத்தின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு கூட்டத்தில் வாக்கெடுத்து நகர்த்தக்கூடிய கோடு என்றால், போன வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒப்பிட்டுப் பெருமைப்படவோ திட்டவோ முடியாது. இதை உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, ஏசிடி பதினொன்றாம் வகுப்பில் வருகிறது. மதிப்பெண் கைக்கு வரும்போது என்னிடம் அந்தப் பிள்ளைக்கு மிச்சம் ஒரு வருடம். இயற்கணிதத்தில் ஓட்டை எங்கே என்று அந்த 16-ஓ 17-ஓ எனக்குச் சொல்லாது.

இங்கே வேலை நடந்தது வேறொரு எண்ணை வைத்து. 2005-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் எலைன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் இருவரும் ஓர் அறிக்கை போட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஐந்து முழு வருடக் கிரெடிட், அதாவது பாடத்தை முடித்த கணக்கு, இருக்கிறதா? முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டர் 'எஃப்'-க்கு (ஃபெயிலுக்கு) மேல் வாங்காமல் இருக்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் பிள்ளை 'தடத்தில்' இருக்கிறது. இதில் எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் கிடையாது. தடத்தில் இருந்தவர்களில் 81 சதவீதம் பேர் நான்கு வருடத்தில் பள்ளியை முடித்தார்கள், தடத்தில் இல்லாதவர்களில் 22 சதவீதம்.

அதைத் தொடர்ந்து 2007-இல் வந்த அறிக்கை இன்னும் உறைக்கும். ஒன்பதாம் வகுப்பில் யார் பாடத்தில் தோற்பார் என்பதை எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட வருகைப் பதிவு எட்டு மடங்கு நன்றாகச் சொல்கிறது. மதிப்பெண்ணில் முதல் கால்வாசிக்குள் வந்த பிள்ளை செமஸ்டருக்கு இரண்டு வாரம் வராமல் இருந்தால், கடைசிக் கால்வாசியில் இருந்து ஒரு வாரம் மட்டும் வராத பிள்ளையைவிட அதிகப் பாடங்களில் தோற்கிறது.

கோவைக்காரர் (கோயம்புத்தூர்)

ஏனுங்க மேடம், வெளியிலிருந்து கேட்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பாசாகிறதுக்கும் வகுப்புக்கு வர்றதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகம் வேணுமா? எங்க பாட்டி சொல்லியிருக்கும்.

ஏரிக்கரை (சிகாகோ)

பாட்டி சொல்லியிருப்பார், ஆனால் பாட்டியிடம் பட்டியல் இருந்திருக்காது. விஷயம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் ஐந்தாவது வாரத்தில் ஒரு தாள் வரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பெயர், வருகை சதவீதம், எந்தப் பாடத்தில் 'டி', எந்தப் பாடத்தில் 'எஃப்'. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்போம். ஒரு பையனுக்கு ஆறு பாடத்தில் 'பி', 'சி' எல்லாம் இருந்தது. என் வகுப்பில் மட்டும் 'எஃப்'. கணக்கு வரவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஆங்கில ஆசிரியை தாளில் விரலை வைத்து, "இது முதல் பீரியட்தானே?" என்றார். தம்பியைத் தொடக்கப் பள்ளியில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறான். தினமும் முதல் இருபது நிமிடம் போய்விடுகிறது. ஆலோசகரிடம் பேசி அவனை என் நான்காவது பீரியடுக்கு மாற்றினோம். செமஸ்டர் முடிவில் 'சி'. அவன் மூளையில் எதுவும் மாறவில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடியாது. பாதிப் பெயர்களுக்கு எங்களிடம் ஒரு வழியும் இருக்காது. வீடு இல்லை, வேலைக்குப் போகிறான், பயந்து வெளியே வருவதில்லை, இப்படி. ஆனால் நகரம் முழுக்க இந்தப் பட்டியல் வேலை நடந்ததில் தடத்தில் இருப்போர் 2007-இல் 57 சதவீதமாக இருந்தது 2013-இல் 82 ஆனது.

தரவுக்காரன் (நியூஜெர்சி)

அக்கா, அருமை. ஆனால் நீங்கள் சொல்வது பள்ளியை முடிப்பது பற்றி. நான் கேட்டது கல்லூரி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

அப்புறம், ஒரு எண்ணுக்குப் பதவியும் பெயரும் தொங்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் டிசி இருக்கிறதே. 2017-இல் பாலூ உயர்நிலைப் பள்ளியில் முடித்த 164 பேருக்கும் கல்லூரியில் இடம் என்று நாடே கொண்டாடியது. நவம்பரில் வானொலிச் செய்தியாளர்கள் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். அந்த வருடம் முடித்தவர்களில் பாதிப் பேர் காரணம் சொல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் பள்ளிக்கே வரவில்லை. அடுத்து நகரம் முழுக்கத் தணிக்கை நடந்தது. 2017-இல் சான்றிதழ் வாங்கிய 2,758 பேரில் 937 பேர் விதிக்குப் புறம்பாக வாங்கியிருக்கிறார்கள். மூன்றில் ஒருவர்! 57, 82 ஆனதும் இதே வழியில்தானோ என்று சந்தேகப்பட எனக்கு உரிமை உண்டு அல்லவா?

குயீன்ஸ்வாசி (நியூயார்க்)

உரிமை உண்டு. சிகாகோ ஆய்வுக் குழுவே அந்தச் சந்தேகத்தைப் பரிசோதித்தது. மதிப்பெண்ணைச் சும்மா தூக்கிப் போட்டிருந்தால் தடத்தில் இருந்த பிள்ளைகள் பத்து, பதினொன்றில் சரிந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை, அந்தப் பள்ளிகளில் முடித்தவர் எண்ணிக்கையும் கூடவே ஏறியது, ஏசிடி சராசரி விழவில்லை என்று 2014-இல் எழுதினார்கள். டிசி கதை வேறு. அங்கே அளந்தது பன்னிரண்டாம் வகுப்பின் கடைசியில், கையெழுத்துப் போடும் இடத்தில்.

எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். நான் கன்யூவின், அதாவது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின், இரண்டு வருடச் சமூகக் கல்லூரி ஒன்றில் பகுதிநேரமாக ஆங்கிலம் எடுக்கிறேன். நியூயார்க்கில் உயர்நிலைப் பள்ளிக்கு மாநிலம் வைக்கும் ரீஜண்ட்ஸ் தேர்வில் 65 எடுத்தால் பாஸ். 2011-இல் மாநிலக் கல்வித் துறை ஒரு குண்டு போட்டது: கல்லூரிக்குத் தயார் என்றால் ஆங்கிலத்தில் 75, கணக்கில் 80 வேண்டும். அந்தக் கணக்கில் 2009-இல் பள்ளி முடித்திருக்க வேண்டிய பிள்ளைகளைப் பார்த்தால் நியூயார்க் நகரில் 23 சதவீதம்தான் தயார், ராச்செஸ்டரில் 5. ஒரே நாளில் முக்கால்வாசிப் பிள்ளைகள் 'தயாரில்லை' ஆனார்கள். பெற்றோருக்கு முதல் நாள் வரைக்கும் 'பாஸ்' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கோடு பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் நகர அரசுப் பள்ளியிலிருந்து எங்கள் சமூகக் கல்லூரிகளுக்கு வந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ரெமெடியல் வகுப்புக்கு, அதாவது பள்ளிப் பாடத்தையே திரும்ப நடத்தும் வகுப்புக்கு, அனுப்பப்பட்டார்கள். கிரெடிட் கிடையாது, காசு மட்டும் போகும். ஒரு வருடம் பின்னக் கணக்கில் உட்கார்ந்துவிட்டுக் கல்லூரிப் பாடம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போனவர்களை எனக்கு நேரில் தெரியும். அவர்களை அங்கே அனுப்பியது என்ன? சேரும் நாளில் கணினி முன் உட்கார்ந்து எழுதிய ஒரு தேர்வு. அது எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. மதியம் வேலைக்குப் போக வேண்டும், சீக்கிரம் தட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜூடித் ஸ்காட் கிளேட்டன் குழு இத்தகைய தேர்வுகளை ஆராய்ந்தபோது, கணக்கில் நால்வரில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரும் படுமோசமாக இடம் மாறி உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேராகக் கல்லூரிப் பாடத்திலேயே நன்றாக எழுதியிருக்கக் கூடியவர்கள்.

சாண்டியாகோ (கலிஃபோர்னியா)

எல்லாரும் தேர்வை அடிக்கிறீர்கள். தேர்வை எடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரில் வந்து பாருங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்ஏடி, ஏசிடி இரண்டையும் பார்ப்பதை நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் சாண்டியாகோ வளாகத்தின் பேராசிரியர் குழு அறிக்கை வெளியிட்டது. ஐந்து வருடத்தில், உயர்நிலைப் பள்ளிக் கணக்குக்கும் கீழே நிற்கும் முதல் வருட மாணவர்கள் ஏறக்குறைய 30 மடங்கு ஆகிவிட்டார்கள். சேருபவர்களில் பன்னிரண்டில் ஒருவர் நடுநிலைப் பள்ளிக் கணக்குக்கும் கீழே. அதில் பலர் பள்ளிக் கணக்கில் 'ஏ' வாங்கியவர்கள்!

லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு கூத்து. 2005-இல் பள்ளி வாரியம் எல்லாப் பிள்ளையும் 'ஏ-ஜி' பாடத்திட்டம் முடிக்க வேண்டும் என்றது. பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான 15 பாடங்கள் அவை. நல்ல எண்ணம்தான். காலக்கெடு நெருங்கியபோது ஆயிரக்கணக்கானோர் முடிக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. 2015-இல் 'சி' வேண்டாம், 'டி' போதும் என்று தளர்த்தினார்கள். பல்கலைக்கழகமோ 'சி'-க்குக் கீழே ஏற்பதில்லை. ஆக, கல்லூரிக்கான பாடத்தை முடித்தாய், ஆனால் கல்லூரியில் சேர முடியாது என்று ஒரு சான்றிதழ். ஏழைப் பிள்ளைக்குச் செய்கிற துரோகம் இதைவிட வேறென்ன?

பொறியியல் முதல் வருடம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மடக்கை தெரியாத பிள்ளைக்கு விடாமுயற்சி இருக்கிறது என்று என்னிடம் சொல்லிப் பயனில்லை.

ஏரிக்கரை (சிகாகோ)

சாண்டியாகோ சார், கோபம் புரிகிறது. கணக்கு ஆசிரியைக்கு அந்த அறிக்கை வலிக்காமல் இருக்குமா? ஆனால் உங்கள் கேள்வியும் என் கேள்வியும் வேறு வேறு. பொறியியல் முதல் செமஸ்டரில் யாரை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்றால், கணக்குத் தேர்வு வைத்தே ஆக வேண்டும். அந்தப் பாடத்துக்கு அந்தத் தேர்வு. என் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பொறியியலுக்குப் போவதில்லை.

ஆலன்ஸ்வொர்த்தும் கிளார்க்கும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 2006 முதல் 2009 வரை சிகாகோ அரசுப் பள்ளிகளில் முடித்து நேராக நான்கு வருடக் கல்லூரிக்குப் போன ஐம்பத்தைந்தாயிரம் பேரைப் பார்த்தார்கள். பட்டம் வாங்குவாரா என்பதைச் சொல்வதில் ஜிபிஏ, அதாவது பள்ளிப் பாட மதிப்பெண்களின் சராசரி, ஏசிடியைவிட ஐந்து மடங்கு வலுவானது. வெவ்வேறு பள்ளிகளில் இருந்து வந்த ஜிபிஏ என்றாலும் அப்படித்தான். ஏன் என்றால், ஜிபிஏ என்பது நான்கு வருடம், இருபதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், பிடிக்காத பாடத்திலும் வீட்டுப்பாடம் கொடுத்தது, காய்ச்சல் வந்த வாரத்தை ஈடுகட்டியது எல்லாம் சேர்ந்தது. கல்லூரியும் அதைத்தான் கேட்கிறது.

அதே ஆய்வில் யாரும் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. ஒரே ஜிபிஏ, ஒரே ஏசிடி இருந்தாலும் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைப் பொறுத்துப் பட்டம் வாங்கும் வாய்ப்பு நிறைய மாறுகிறது. அதாவது என் பள்ளியின் 3.2-உம் வடக்குப் பகுதிப் பள்ளியின் 3.2-உம் ஒன்றல்ல. இது எங்கள் முகத்தில் அடிக்கிற விஷயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த மாணவர்கள் காலத்தில் ஜிபிஏ மேல் இப்போதுள்ள அளவு பாரம் இல்லை. எல்லாப் பாரத்தையும் அதன் மேல் ஏற்றினால் அதுவும் வளையும். எங்கள் பள்ளியிலேயே கணினி முன் மூன்று வாரம் உட்கார்ந்து 'எஃப்'-ஐ அழிக்கும் மீட்பு வகுப்பு நடக்கிறது. அதில் வாங்கிய கிரெடிட்டைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

தரவுக்காரன் (நியூஜெர்சி)

இப்போதுதான் விவாதம் சூடு பிடிக்கிறது. சரி, தேர்வும் போதாது, ஜிபிஏயும் வளையும். அப்படியென்றால் கல்லூரிக்குப் போய் என்ன ஆனார்கள் என்பதையே நேரடியாக எண்ணிவிடலாமே?

குயீன்ஸ்வாசி (நியூயார்க்)

எண்ணுகிறார்கள். நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் என்று ஒரு நிறுவனம், கிட்டத்தட்ட எல்லாக் கல்லூரியும் அதற்குச் சேர்க்கைத் தகவல் கொடுக்கும். பள்ளி மாவட்டம் தன் பழைய மாணவர் பட்டியலை அனுப்பினால் யார் எங்கே சேர்ந்தார், அடுத்த வருடமும் இருக்கிறாரா என்று திரும்ப வரும். சிகாகோ 2000-களின் தொடக்கத்திலேயே இதை ஆரம்பித்துவிட்டது. அதில்தான் 2006-இல் மெலிசா ரோடரிக் குழு அந்தப் பயங்கரமான எண்ணை எடுத்தது: ஒன்பதாம் வகுப்பில் சேரும் நூறு பேரில் இருபதுகளின் நடுவில் நான்கு வருடப் பட்டம் வாங்குபவர் 6 பேர். பிறகு திருத்தி 8 என்றார்கள். திருத்தினாலும் ஆறுதல் இல்லை.

ஆனால் இந்த எண் வருவதற்குள் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது ஆகிவிடும். அதைப் படித்துவிட்டு யாரைக் கூப்பிட்டுப் பேசுவது?

நடுவில் விழும் இடங்களைக் கவனித்தால்தான் புண்ணியம். அதே குழு 2008-இல் எழுதியது: நான்கு வருடப் பட்டம் வேண்டும் என்று சொன்ன பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் விண்ணப்பித்தவர் 59 சதவீதம், இடம் கிடைத்தவர் 51, உண்மையில் போய்ச் சேர்ந்தவர் 41. இடம் கிடைத்தும் பத்து பேர் காணாமல் போகிறார்கள். அவர்களுக்கு இயற்கணிதம் தெரியாதது காரணமில்லை. பெரிய தடைகளில் ஒன்று ஃபாஃப்சா படிவம், அதாவது கூட்டரசு நிதியுதவி விண்ணப்பம். அப்பாவின் வருமான வரித் தாள் வேண்டும், அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. இல்லினாய் இப்போது அந்தப் படிவத்தைப் பள்ளி முடிக்கும் நிபந்தனையாகவே ஆக்கிவிட்டது, விலக்கும் உண்டு.

சாண்டியாகோ (கலிஃபோர்னியா)

படிவம் நிரப்பினால் கணக்கு வந்துவிடுமா?

குயீன்ஸ்வாசி (நியூயார்க்)

வராது. ஆனால் கணக்கு 'வராத' பிள்ளைகளை வைத்தே இதைப் பரிசோதித்துவிட்டார்கள். கன்யூவில் 2007 முதல் அசாப் என்று ஒரு திட்டம் நடக்கிறது. ரெமெடியல் தேவை என்று முத்திரை குத்தப்பட்ட, வருமானம் குறைந்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து எம்டிஆர்சி நிறுவனம் ஆராய்ந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான கல்லூரி. மறுபாதிக்கு முழுநேரப் படிப்பு கட்டாயம், அடிக்கடி பார்த்தே தீர வேண்டிய ஒரு ஆலோசகர், கட்டணத்தில் துண்டு விழுந்தால் அதற்கு உதவி, புத்தகம், சப்வே பாஸ். மூன்று வருடத்தில் வழக்கமான பக்கம் 22 சதவீதம் பேர் பட்டயம் வாங்கினார்கள். இந்தப் பக்கம் 40. இரண்டு பக்கமும் ஒரே தேர்வில் தோற்ற பிள்ளைகள், சார். மாறியது கல்லூரி.

பிள்ளை தயாரா என்று மட்டும் அளக்கும் எந்தக் கருவியும் இதைப் பிடிக்காது. என் கல்லூரி அவளுக்குத் தயாரா என்று யாரும் அட்டை போடுவதில்லை. பிறகு கன்யூ அந்தப் பழைய ரெமெடியல் வகுப்புகளையே ஒழித்துவிட்டது. இப்போது கல்லூரிப் பாடத்தோடு கூடவே துணை வகுப்பு. என் வகுப்பில் சிலர் தடுமாறுகிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கிரெடிட் வரும் வகுப்பில் இருந்துகொண்டு தடுமாறுகிறார்கள்.

சாண்டியாகோ (கலிஃபோர்னியா)

40 என்றால் 60 பேர் முடிக்கவில்லை. அதையும் எழுதிவிடுங்கள். நான் என் கட்சியில்தான் இருக்கிறேன்: எட்டாவதிலேயே பின்னத்தை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தால் சப்வே பாஸ் கொடுத்துத் தேட வேண்டியதில்லை.

கோவைக்காரர் (கோயம்புத்தூர்)

இதே கேள்வியை நம்மூர் பிளஸ் டூ மார்க்குக்கும் கேக்கோணுங்க. செண்டம் வாங்கினவன் முதல் செமஸ்டர்ல அரியர் வெக்கறான்.

மட்டுறுத்துநர்

அதற்குத் தனி இழை திறக்கலாம். இங்கே அமெரிக்க நகரப் பள்ளிகளோடு நிற்போம்.

தரவுக்காரன் (நியூஜெர்சி)

அண்ணனுக்கு நான் இன்று இரவு போன் செய்ய வேண்டும். ஏரிக்கரை அக்கா, சுருக்கமாகச் சொல்லுங்கள். அறிக்கை அட்டையில் எதைப் பார்க்கச் சொல்லட்டும்?

ஏரிக்கரை (சிகாகோ)

இல்லினாய் அட்டையில் 'ஒன்பதாம் வகுப்பு தடத்தில்' என்று தனியாகவே போட்டிருக்கும். அதைப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே தொடர் வராமையையும் பார்க்கச் சொல்லுங்கள், அதாவது பள்ளி நாட்களில் பத்து சதவீதம் அல்லது அதற்கு மேல் வராதவர்கள். தடம் 90-ஐத் தாண்டி, வராமையும் பாதிக்கு மேல் என்றால் எங்கோ மதிப்பெண் தாராளமாக விழுகிறது. அப்புறம் பள்ளி முடித்த 12 மாதத்தில் எத்தனை பேர் கல்லூரி சேர்ந்தார்கள், சமூகக் கல்லூரிக்குப் போனவர்களில் எத்தனை பேருக்கு ரெமெடியல் தேவைப்பட்டது என்ற இரண்டும் இருக்கும். அந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். தேர்வுத் தேர்ச்சி எண்ணை 2025-க்கு முந்தியதோடு ஒப்பிட வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

பள்ளிக்கு நேரில் போனால் ஒரு கேள்வி: "ஐந்தாவது வாரம் என் பையன் ஒரு பாடத்தில் 'எஃப்' என்றால் என்னைக் கூப்பிடுவது யார், அவர் பெயர் என்ன?" சில பள்ளிகளில் உடனே பெயர் சொல்வார்கள். சில இடங்களில் இணையதளத்தில் மதிப்பெண் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள்.

சாண்டியாகோ சாருக்காக இன்னொன்று: பையன் இப்போது எட்டாவதில் எடுக்கும் கணக்கு அல்ஜீப்ராதானா என்று இப்போதைய பள்ளியில் கேட்கச் சொல்லுங்கள். முடித்துவிட்டு வந்தால் ஒன்பதில் அவன் நேராக ஜியோமெட்ரிக்குப் போகலாம்.